விளம்பரம் வராத டிவி

என்னங்க,

அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். பதினோரு மணிக்குக் குழாய் பழுது பார்ப்பவர் வருவார். மொட்டைமாடிச் சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கிறது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். மார்பில் ஒரு கட்டி. இன்று ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்கிறார்கள். நேற்றே சொல்ல வந்தேன். “இரும்மா, இந்த எபிசோடு முடியட்டும்” என்று கையமர்த்தினீர்கள். அது முடிந்ததும் அடுத்தது தானாகவே ஓட ஆரம்பித்துவிட்டது.

முன்பெல்லாம் விளம்பரம் வந்தாலே, “வந்துட்டான்யா சோப்பு விக்க!” என்று திட்டிச் சத்தத்தை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்புவீர்கள். “அப்புறம், இன்னைக்கு என்ன ஆச்சு?” என்பீர்கள். மகளின் கல்யாணத்தையே நாம் அந்த மூன்று மூன்று நிமிடங்களில்தான் பேசி முடித்தோம். விளம்பரமே வராத திட்டத்துக்கு நீங்கள் பணம் கட்டிய அன்று நானும்தான் கைதட்டினேன். அதற்குப் பிறகு நீங்கள் திரும்பவே இல்லை.

பி.கு.: கோபத்தில் எழுதவில்லை. மகளிடம் இப்போதைக்குச் சொல்லவேண்டாம்.

இன்னொன்று. முடிவு வெள்ளிக்கிழமை வரும். இன்றைக்குத் தனியாகச் சமாளித்துவிடுவேன். அன்றைக்கு என்னால் முடியாது. கூட வாருங்கள்.