அடிமரத்தை ஒட்டிய பலகை

ஜூன் 4

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் சின்ன மருமகள் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். இடுப்பு எலும்பு கூடிவிட்டது, கோலை ஊன்றி வராந்தா முழுக்க நடக்கிறீர்கள் என்று பெரியவர் வீட்டு அக்கா போனில் சொன்னார். கேட்க நிம்மதியாக இருந்தது. போனிலேயே உங்களிடமும் பேசியிருக்கலாம்தான். மெதுவாகச் சொன்னால் உங்களுக்குக் கேட்காது, கத்திச் சொன்னால் உங்கள் மகனுக்குக் கேட்டுவிடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

படகு தண்ணீர் வாங்குகிறது மாமா. நீங்கள் பெரியவர் வீட்டுக்குப் போன பிறகு அதற்கு அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. எஞ்சினுக்கு ஆயில் மாற்றினார், நங்கூரத்துக்குப் புதுக் கயிறு போட்டார், வலை இழுக்கும் உருளைக்குப் புது பேரிங் வந்தது. மேலே பார்த்தால் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பெயின்ட் அடித்து நிற்கிறது. அடியில்தான் கோளாறு. கூடப் போகிற நெட்டையன் நேற்று வலை கொடுக்க வீட்டுக்கு வந்தான். உள்ளங்கை இரண்டும் கொப்புளம். என்னடா என்றேன். வலை இழுத்ததால் இல்லையாம். கைப்பம்பு அடித்தே இப்படி ஆகிவிட்டதாம். கரைக்கு வருகிற வழி முழுக்க அவன் பம்பு அடித்தபடியே வருகிறான். இவர் இதை என்னிடம் சொல்லவே இல்லை.

கரையேற்றிப் பார்க்கலாமே என்று நானும் சொல்லிப் பார்த்தேன். மீன் நன்றாக விழுகிற நேரத்தில் எவன் படகைத் தூக்கி வைப்பான் என்கிறார். என் பேச்சு எடுபடாது. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் மறுநாளே செய்வார். சொல்லுங்கள் மாமா. நான் எழுதியதாகத் தெரிய வேண்டாம்.

உங்கள் மருமகள்


ஜூன் 9

அன்பு மருமகளுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். இந்த வீட்டில் கதவைச் சாத்தினால் காற்றே வராது, திறந்தால் தூசி வருகிறது என்று உன் அக்கா சாத்திவிடுகிறாள். பெரியவன் காலையில் போனால் இருட்டித்தான் வருகிறான். நான் ஐந்தாம் மாடியிலிருந்து எதிர்மாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவர்களும் என்னைப் பார்க்கிறார்கள்.

படகு என்றால் கொஞ்சம் தண்ணீர் குடிக்கத்தான் செய்யும் அம்மா. அது குடம் இல்லை, மரம். புரொப்பெல்லர் ஷாஃப்ட் வெளியே போகிற ஓட்டையில் கயிறு தேய்ந்திருக்கும். அதைப் புதிதாகச் சுற்றி முறுக்கச் சொல். பலகை இடுக்கில் பஞ்சைத் திரித்து அடைத்து மேலே மக்கு வைத்தால் அடங்கிவிடும். எஞ்சினுக்கு அடியில், படகின் நீளத்துக்கு ஓடும் அடிமரத்தை ஒட்டிய பலகையை நானே மாற்றிப் போட்டேன். என் காலம் வரை அதற்கு ஒன்றும் ஆகாது.

நெட்டையன் பேச்சை எல்லாம் பெரிதாக எடுக்காதே. அவன் தும்மினாலே புயல் என்பான். என் மகனுக்கும் தனியாக ஒரு வரி எழுதியிருக்கிறேன். பயப்படாமல் போய் வா என்று. உன் பெயரைச் சொல்லவில்லை.

மாமா


ஜூன் 16

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் அவருக்கு எழுதிய கடிதத்தைச் சாப்பிடும்போது எனக்குப் படித்துக் காட்டினார். இரண்டு முறை படித்தார். நான் உங்களுக்கு எழுதியது அவருக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் சொல்லாவிட்டால் என்ன, பயப்படாதே என்று யாரும் காரணம் இல்லாமல் எழுத மாட்டார்கள் அல்லவா.

நீங்கள் சொன்னபடி ஷாஃப்ட் ஓட்டைக்குப் புதுக் கயிறு சுற்றினார். பஞ்சு அடைத்தார், மக்கு வைத்தார். முதல் இரண்டு நாள் குறைந்தது. பிறகு முன்னைவிட அதிகம். அவர் ஐஸ் வாங்கப் போன நேரம் நானே படகில் ஏறினேன். எஞ்சின் பக்கத்து அடித்தளப் பலகைகளைத் தூக்கி, டார்ச் அடித்து, நீங்கள் சொன்ன அந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். குத்தவில்லை மாமா, வெறுமனே அழுத்தினேன். நனைந்த சோப்பில் இறங்குவது போல இறங்கியது. எடுத்தால் முனையில் கறுப்பாகக் கூழ். அதைத் துடைக்காமலே கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன்.

நல்லா இருந்த பலகையை நான்தான் குத்திக் கெடுத்தேனாம். வார்த்தை தடித்துவிட்டது. கடைசியாக அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அந்தப் பலகையப் போட்டவரே போன்னு சொல்லிட்டாரு. நடுவுல நீ யாரு?”

நான் யார் என்று எனக்கும் தெரியவில்லை. அவர் கடலுக்குப் போனால் வீட்டில் உட்காராமல் அலைதடுப்புச் சுவர்மேல் போய் உட்காருகிறவள், அவ்வளவுதான்.

நெட்டையன் வேலையை விட்டுவிட்டான். இப்போது அவர் தனியாகப் போகிறார். ஒரே ஆள் சுக்கானையும் பிடித்துக்கொண்டு பம்பும் எப்படி அடிப்பார்? மிதவைச் சட்டை வாங்கிக் கொடுத்தேன், உட்காரும் இடத்தில் மெத்தைக்குப் போட்டிருக்கிறார். நீங்கள் அந்தப் பலகையைக் கடைசியாகப் பார்த்தது எப்போது? கோபிக்காமல் யோசியுங்கள்.

உங்கள் மருமகள்


ஜூன் 21

மருமகளுக்கு,

படகில் ஏறிப் பலகையைக் குத்திப் பார்க்கச் சொல்லி உன்னை யார் கேட்டது? எந்த மரமும் மேலோட்டமாகக் கொஞ்சம் மெத்தென்றுதான் இருக்கும். உள்ளே இரும்பு மாதிரி இருக்கும். நான் பார்க்காத படகா?

புருஷன் தொழிலுக்குப் போகும்போது பின்னாலிருந்து கலவரப்படுத்தினால் அவனுக்குக் கை நடுங்கும். அதுதான் ஆபத்து. இதைப் பற்றி இனி எனக்கு எழுதாதே. வேறு எது வேண்டுமானாலும் எழுது.

மாமா


ஜூன் 26

அன்புள்ள மாமாவுக்கு,

இதைப் பற்றி எழுதாதே என்றீர்கள். மன்னியுங்கள், எழுதத்தான் வேண்டும்.

நேற்று தண்ணீர் வற்றிய நேரத்தில் படகு சேற்றில் உட்கார்ந்திருந்தது. அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டலாம், நீங்கள் அந்தப் பக்கம் நான் இந்தப் பக்கம் என்று அவரிடம் சொன்னேன். சமாதானத்துக்கு வந்துவிட்டேன் என்று நினைத்தார் போல, சந்தோஷமாகச் சுரண்டினார். பாதியில் டீ குடிக்கப் போனார். நான் ஸ்பானரை எடுத்தேன். நட்டில் செருகிய பின்னைப் பிடுங்கி, நட்டைக் கழற்றி, கட்டையை முட்டுக் கொடுத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி, புரொப்பெல்லரை உருவிவிட்டேன். இனிப் படகு நகராது. எத்தனை முறை அவருக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்திருக்கிறேன், அந்தப் பழக்கம். சேலைத் துணியில் சுற்றி, கூடையில் வைத்து, மேலே வலையைப் போட்டுத் தூக்கிக்கொண்டு நேராக பஸ் பார்சல் ஆபீசுக்குப் போனேன். என்ன சாமான் என்று கேட்டார்கள். பாத்திரம் என்றேன்.

அது உங்களுக்குத்தான் வருகிறது. வீட்டில் ஒளித்தால் தேடி எடுத்துவிடுவார். கிணற்றில் போட எனக்கு உரிமை இல்லை. அது உங்கள் படகு, உங்கள் மகன். நீங்கள் அங்கே ஐந்தாம் மாடியிலிருந்து போ என்று எழுதுகிறீர்கள், இங்கே அவர் போகிறார். இனி வெறும் கடிதத்தில் போ என்று சொல்ல முடியாது மாமா. அந்தப் படகு கடலுக்குப் போகலாம் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தோன்றினால், உங்கள் கையாலேயே அதைக் கட்டி, அவர் பெயரை எழுதி, திருப்பி அனுப்புங்கள். நான் குறுக்கே நிற்க மாட்டேன். நானே ஸ்பானரை எடுத்துக் கொடுப்பேன்.

திரும்பி வந்து பார்த்தவர் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. எங்கே என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அதிலிருந்து பேச்சு நின்றுவிட்டது.

உங்கள் மருமகள்


ஜூன் 29

மருமகளே,

உன் பாத்திரம் வந்து சேர்ந்தது. உன் அக்கா ஏதோ பலகாரம் என்று நினைத்துச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துப் பிரித்துவிட்டாள். கிரீசும் சேறும் விரிப்பெல்லாம். அவள் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

என் வயதுக்கு இப்படி ஒரு அடாவடியை நான் பார்த்ததில்லை. ஓடுகிற படகின் காலை வெட்டி எடுத்திருக்கிறாய். துறைமுகத்தில் நாலு பேர் முன்னால் அவன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வான்? வீட்டுக்கு வந்த பெண் என்று நான் வைத்திருந்த மரியாதையை எல்லாம் நீ கழற்றிக் கூடையில் போட்டுவிட்டாய்.

நாளைக்கே அவன் பெயருக்குத் திருப்பி அனுப்புகிறேன்.

மாமா


ஜூலை 3

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் திட்டியதற்கு நான் பதில் எழுதப்போவதில்லை. அப்படித்தான் திட்டுவீர்கள் என்று தெரிந்துதான் செய்தேன்.

வேறு ஒன்று நடந்துவிட்டது. நம் படகு இல்லையென்றால் கரையில் இருப்பார் என்று நினைத்தேன். இன்று விடியும்போது சுருட்டுக்காரர் படகில் கூலிக்கு ஏறிப் போய்விட்டார். வாசலைத் தாண்டும்போது கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மத்தியானம் காற்று பிடித்தது. எல்லாப் படகும் ஒவ்வொன்றாக உள்ளே வந்துவிட்டன, அது மட்டும் வரவில்லை. சுவர்மேல் உட்கார்ந்து முழங்கால்மேல் காகிதத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொந்தப் படகில் போயிருந்தால் அதன் குணமாவது அவருக்குத் தெரியும். அடுத்தவன் படகில் எது எங்கே இருக்கிறது என்று கூடத் தெரியாது. நான்தான் தள்ளிவிட்டேனோ என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. நெட்டையன் பக்கத்தில் நிற்கிறான். வருவார் வருவார் என்கிறான். தும்மினாலே புயல் என்கிறவன், இன்றைக்கு ஒன்றுமே இல்லை என்கிறான். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருக்கிறது.

வந்துவிட்டார் மாமா. வெளிச்சம் போவதற்குள் வந்துவிட்டார்கள். டீசல் குழாய் அடைத்து நின்றுபோயிருக்கிறது, உங்கள் மகன்தான் கழற்றி வாயால் ஊதிச் சரிசெய்தாராம். சுருட்டுக்காரர் என்னிடம் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். இவர் என்னைத் தாண்டி நடந்துபோனார், உடம்பெல்லாம் டீசல் வாடை.

நம் படகு கயிற்றில் கட்டிக் கிடக்கிறது. தினமும் காலையிலும் மாலையிலும் நான்தான் போய்ப் பம்பு அடிக்கிறேன். எங்கும் போகாமல் நிற்கிற படகுக்கே இவ்வளவு தண்ணீர். பார்சல் இன்னும் வரவில்லை. அனுப்பிவிட்டீர்களா?

உங்கள் மருமகள்


ஜூலை 8

அன்பு மருமகளுக்கு,

அனுப்பவில்லை.

அனுப்பத்தான் போனேன். உன் அக்காவிடம் சொல்லாமல் லிஃப்டில் இறங்கி, ஒரு கையில் கோல், மறு கையில் பை, ஆட்டோ பிடித்துப் போனேன். பார்சல் ஆபீஸ் பையன் பேனாவை நீட்டி, வாங்குகிறவர் பெயரை எழுதுங்கள் என்றான். என் மகன் பெயர், நானே வைத்த பெயர், முதல் எழுத்தைப் போட்டேன். அதற்குமேல் கை ஓடவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். தள்ளி உட்கார்ந்தேன். ஆட்கள் எல்லாம் போன பிறகும் உட்கார்ந்திருந்தேன். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போது அது என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. பலகை கெட்டிருக்கும் என்று உன் முதல் கடிதத்திலேயே எனக்குத் தோன்றியது. ஆனால் அந்த வயதுப் படகைக் கரையேற்றினால் ஒரு பலகையோடு நிற்காது. இது கெட்டது, அது கெட்டது என்பார்கள், பிறகு விறகுக்குக் கேட்பார்கள். படகு போய்விட்டால் நான் அங்கே திரும்பி வருவதற்கு என்ன இருக்கிறது? இங்கேயே இருங்கள் அப்பா என்று பெரியவன் சொல்லிவிடுவான். இந்த ஜன்னலிலேயே உட்கார்ந்து போய்ச்சேர வேண்டியதுதான். அதை நினைத்து மகனைப் போ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நீ புரொப்பெல்லரைத் தூக்கி என் மடியில் வைக்கும் வரை அந்தப் பயம்தான் காரணம் என்று எனக்கே தெரியவில்லை.

கரையேற்று என்று இன்றைக்கு அவனுக்கு எழுதிவிட்டேன். என் சொல்தான் பெரிது என்றால் இதையும் கேட்கட்டும். வேலை முடிந்து, பலகை உனக்குத் திருப்தி என்றால் எழுது. பார்சலை உன் பெயருக்கு அனுப்புகிறேன்.

மாமா


ஜூலை 24

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த மூன்றாம் நாள் படகைக் கரையேற்றினார். அவர் யாரையும் கூப்பிடவில்லை, நெட்டையன் தானாகவே வந்து கயிற்றைப் பிடித்தான்.

தச்சர் அடியில் படுத்து உளியின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே வந்தார். டக் டக் என்று வந்த சத்தம் எஞ்சினுக்கு நேராக வந்ததும் பொத்தென்று மாறிவிட்டது. அங்கே உளியைத் திருப்பி ஒரு நெம்பு நெம்பினார். கை நீளத்துக்குப் பலகை அப்படியே கழன்று சேற்றில் விழுந்தது. இவ்வளவு நாள் பெயின்டும் மக்கும்தான் கடலைத் தாங்கிக்கொண்டிருந்தது. உங்கள் மகன் அந்த ஓட்டைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். உள்ளே எஞ்சின் வரைக்கும் கை போனது.

விறகுக்குப் போகாது மாமா, பயப்படாதீர்கள். அந்தப் பலகையும் அதற்கு அடுத்ததும்தான் போய்விட்டன. அடிமரம் கெட்டியாக இருக்கிறது, விலாக் கட்டைகள் எல்லாம் கெட்டி. இன்னும் பல வருஷம் ஓடும் என்றார் தச்சர். இரண்டு புதுப் பலகையும் ஏறிவிட்டன. நேற்று பஞ்சு அடைத்தார்கள். நான் ஒரு பக்கம் பிடித்தேன்.

அப்போதுதான் அவர் பேசினார். பலகை இடுக்கைப் பார்த்தபடியே, “எங்கிட்ட சொல்லிட்டுக் கழட்டியிருக்கலாம்ல” என்றார்.

“சொன்னேன்” என்றேன்.

சுத்தியலால் இன்னும் நாலு தட்டுத் தட்டினார். பிறகு பஞ்சுத் திரியை என் பக்கம் நீட்டி, இழுத்துப் பிடி என்றார். இழுத்துப் பிடித்தேன். அதற்குமேல் இன்னும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் இத்தனை நாளுக்குப் பிறகு இன்றைக்கு வீட்டில் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீரில் இறக்கலாம் என்கிறார்கள். பலகை எனக்குத் திருப்தி. பார்சலை அனுப்புங்கள், ஆனால் என் பெயருக்கு வேண்டாம். அவர் பெயருக்கே அனுப்புங்கள். அவர்தான் மாட்ட வேண்டும், அவர்தான் அதை நம்பிப் போக வேண்டும்.

இல்லாவிட்டால் ஒன்று செய்யுங்கள். டாக்டர் சரி என்றால், பையை நீங்களே கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுங்கள். முன்னறையில் உங்கள் கட்டிலைப் போட்டுவிட்டேன். ஜன்னல் பக்கம்தான். இங்கே யாரும் சாத்த மாட்டார்கள்.

உங்கள் மருமகள்