பாடகரின் தலைக்கு வைத்த எண்ணெய்

சனிக்கிழமை இரவு, ஹம் நகரம், ஜேர்மனி

எங்கள் முதியோர் இல்லத்தில் இருக்கும் ராக் அண்ட் ரோல் பாடகர் பேசி மாதக்கணக்காகிறது. ஒருகாலத்தில் ஜேர்மனி முழுவதும் அவருக்காகக் கூச்சல் போட்டதாம். இன்று சனிக்கிழமைதானே என்ற நினைப்பில், தலையில் தண்ணீர் ஊற்றி முழுக வார்க்கும் முன் அவர் தலைக்கு நல்லெண்ணெய் வைத்துவிட்டேன்.

கூட வேலை செய்யும் வசந்தி அக்கா பதறினார். "உனக்கென்ன விசரே? இப்ப இவரின்ர மகள் வந்தா என்ன சொல்லுவா? உடன கழுவி விடு!"

அதற்குள் பாடகர் என் கையிலிருந்த சீப்பை வாங்கினார். எண்ணெயில் பளபளத்த முன்மயிரை, அந்தக்கால ராக் அண்ட் ரோல் பாடகர்கள் மேடைக்கு வாருவதுபோல, அலையாக மேலே தூக்கி வாரினார். கண்ணாடியைப் பார்த்து, "மண்டபம் நிறைந்துவிட்டதா?" என்று ஜேர்மன் மொழியில் கேட்டார்.

"ஓம், நிறைஞ்சிட்டுது," என்றேன், என்னை மறந்து தமிழில்.

சீப்பை வாயருகே பிடித்து, மெல்லப் பாடத் தொடங்கினார். பாடி முடித்ததும், கழுவச் சொன்ன வசந்தி அக்காதான் முதலில் கைதட்டினார்.

விரல்களில் இன்னும் எண்ணெய் மணக்கிறது. கழுவாமலே படுக்கப் போகிறேன்.