செயினுக்குத் தேங்காய் எண்ணெய்

நேற்று நம் மகள் என்னைச் சைக்கிள் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். செம்பூர் ஆபீசுக்கு அவள் இப்போது கியர் சைக்கிளில்தான் போகிறாள். அதன் செயினுக்கு எண்ணெய் வாங்க வேண்டுமாம். கடைக்காரர் ஒரு பாட்டிலைத் திறந்து என் மூக்கருகே நீட்டினார். அதில் ஒரு வாசனையும் இல்லை. எனக்கோ உன் தலைமுடி ஞாபகம் வந்துவிட்டது.

அவர் பொறுமையாக விளக்கினார். கியர் சைக்கிள் செயின் மெலிசு, மேலே மூடியும் கிடையாது. வெயில் காலத்துக்கு நீர்த்த எண்ணெய் போட்டால் அது காய்ந்துவிடும், தூசி ஒட்டாது. மழையில் அது நிற்காது, அப்போது கெட்டியானது வேண்டும். நான் இட்லி விற்கிற, செயின் கவர் போட்ட சைக்கிளுக்குச் சாதாரண மெஷின் எண்ணெயே போதும். எதைப் போட்டாலும் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும்.

"இத்தன நாளா நீங்க என்ன போட்டிய அண்ணாச்சி?" என்று கேட்டார். தேங்காய் எண்ணெய்க் கதையைச் சொன்னால் கடையே சிரிக்கும் என்று, பாட்டிலின் விலையைக் கேட்டேன்.

காலையில் தாராவி வீட்டு வாசலில் நான் இட்லிப் பாத்திரத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டிருப்பேன். நீ தலைக்கு எண்ணெய் தேய்த்து முடித்து, உள்ளங்கையில் மிஞ்சியதைச் செயினில் தடவிவிடுவாய். பிறகு சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு, சட்னித் தூக்கை எடுத்துத் தருவாய். எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்த வருடத்தில் தொடங்கிய வழக்கம் அது. "பாவம், அதுவும் உங்ககூடதான பாடுபடுது" என்பாய்.

தேங்காய் எண்ணெயும் ரோட்டுப் புழுதியும் சேர்ந்தால் என்ன ஆகும்? செயின் கறுப்புக் களியாகி, மிதிக்க மிதிக்க இழுக்கும். ஆசையாகச் செய்கிறவளிடம் இதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. முதல் நடை இட்லி தீர்ந்ததும் மாஹிம் டீக்கடை ஓரத்தில் ஸ்டாண்ட் போடுவேன். அங்கே ஒளித்து வைத்திருந்த மண்ணெண்ணெயில் துணியை நனைத்துச் செயினைத் துடைப்பேன். மெஷின் எண்ணெய் விட்டு, அது ஊறும் வரை உட்கார்ந்து ஒரு டீ குடிப்பேன். இரண்டாவது நடைக்கு வீடு திரும்புவது அதற்குப் பிறகுதான். பதினோரு வருடம் இப்படி ஓட்டினேன். பெரிய கெட்டிக்காரன் என்று எனக்கு நினைப்பு.

நீ படுக்கையில் விழுந்த பிறகு அது என்னை உறுத்தத் தொடங்கியது. உன்னிடம் நான் மறைத்தது அது ஒன்றுதான். சொல்லாமல் உன்னை அனுப்பிவிடக் கூடாது என்று, ஒரு மத்தியானம் உன் காலைப் பிடித்துவிட்டபடியே சொல்லிவிட்டேன். உன் மனசு உடைந்துவிடுமோ என்று அவ்வளவு பயம். நீ கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"உங்க சட்டையத் துவைக்கது நானு. மண்ணெண்ண வாட தெரியாதாக்கும்?"

தெரிந்துமா தினமும் தடவினாய் என்று கேட்டேன்.

"நடுவுல உக்காரணும்னு டாக்டர் சொன்னாருல்லா. நான் சொன்னா நீங்க உக்காருவியளா? செயின் சொன்னா உக்காருவிய."

நான் அழுததைப் பார்த்து நீ சிரித்தாய்.

மகள் நேற்றே என் வண்டிக்கும் சரியான எண்ணெய் விட்டுவிட்டாள். இன்று காலை சத்தமே இல்லாமல் ஓடியது. நிற்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. ஆனாலும் மாஹிமில் இறங்கிப் பத்து நிமிடம் உட்கார்ந்தேன். நீ சொன்னாலும் உட்காருவேன் என்பது இப்போதாவது உனக்குத் தெரியட்டும்.