நீல நூல் கட்டிய கேபிள்

அன்புள்ள மகளுக்கு,

நான் உன் அப்பாவின் அறைக்குள் அடைந்து கிடந்து மெஷின்களோடு பேசிக்கொண்டிருப்பதாக உன் அண்ணன் உன்னிடம் சொன்னானாம். தவறு. நான் பேசவில்லை, படித்துக்கொண்டிருந்தேன். ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்புகிற ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டியோடு வந்த விளக்கப் புத்தகத்தை வாய்விட்டுப் படித்தேன். புரியாததை வாய்விட்டுப் படி, அப்போதும் புரியவில்லையென்றால் எழுந்து நின்று படி என்று கான்வென்டில் எங்களைப் பழக்கியிருந்தார்கள். நான் எழுந்து நின்ற நேரம் பார்த்து அவன் உள்ளே வந்தான். கதவு திறந்துதான் இருந்தது. அதை அவன் சொல்லியிருக்க மாட்டான்.

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். நம்பிக்கைதான்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் பெரிய கீபோர்டை, அந்த சிந்தசைசரை, ஆன் செய்தால், உள்ளே இருக்கும் பேட்டரி தீரப் போகிறது என்று எச்சரிக்கை வருகிறது. ரிப்பேர்காரரை வரவழைத்தேன். "பேட்டரிய மாத்துறது பெரிய வேலை இல்லம்மா. ஆனா மாத்தினா உள்ள இருக்கிறது எல்லாம் போயிடும். மாத்தாம விட்டாலும் ஒருநாள் அதுவா போயிடும். எதுக்கும் முதல்ல ரெக்கார்ட் பண்ணி வச்சுக்கோங்க" என்றார். உள்ளே என்னதான் இருக்கிறது என்று போட்டுக் கேட்டேன். அப்பா கடைசியாக வாசித்து வைத்த ஒரு இசைத் துண்டு இருந்தது.

உன் அண்ணனுக்கு வேறு திட்டம். அவனுடைய நண்பன் ரெக்கார்டிங் ஸ்டுடியோ ஆரம்பிக்கிறானாம். பெரிய சிந்தசைசர், உன்னுடைய சின்னது, ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர் எல்லாவற்றையும் மாதக் கடைசியில் கொடுத்துவிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறான். "சும்மா தூசி பிடிச்சுக் கிடக்குதும்மா" என்றான். இந்த வீட்டில் தூசி எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னேன். காட்ட முடியவில்லை. உடனே, "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இந்த வயர் வேலையெல்லாம்?" என்று ஆரம்பித்தான். என் வயது எனக்கு நினைவிருக்கிறது, நீ ஞாபகப்படுத்த வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பிறகு வேலையில் இறங்கினேன். பெரியதன் இடது, வலது ஒலிகள் மிக்ஸரின் முதல் இரண்டு சேனல்களுக்கு. சின்னதன் ஒலிகள் மூன்றுக்கும் நான்குக்கும். மிக்ஸரிலிருந்து இரண்டு கேபிள்கள் இன்டர்ஃபேஸ் பெட்டிக்கு. பெட்டியிலிருந்து ஒரே ஒரு யூ.எஸ்.பி. வயர் கம்ப்யூட்டருக்கு. எழுதினால் இவ்வளவுதான். ஆனால் மேசைக்குப் பின்னால் எல்லா வயரும் ஒரே கறுப்பு. பெயர் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டினால் உரிந்துவிடுகிறது. கான்வென்ட் விடுதியில் சலவைக்குப் போகும் எங்கள் துணிகளில் ஆளுக்கொரு நிறத்தில் நூல் தைத்திருப்போம், யாருடையதும் யாருடையதோடும் கலக்காது. அதையே இங்கும் செய்தேன். பெரியதன் கேபிள்களுக்கு இரண்டு முனையிலும் சிவப்பு நூல், சின்னதற்கு நீலம். உன் அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு, "ரிப்பன் கட்டி ஸ்கூலுக்கு அனுப்பப் போறீங்களா அத்தை?" என்று சிரித்தாள். சிரிக்கட்டும். டார்ச் பிடிக்க வந்தவள் முழு மதியமும் பிடித்துக்கொண்டு நின்றாள், அதையும் சொல்ல வேண்டும்.

அப்பா வாசித்தது சுத்தமாகப் பதிவாகிவிட்டது. இனி பேட்டரி எப்போது வேண்டுமானாலும் தீரட்டும்.

அந்தத் துண்டில் ஒரு குறை இருப்பதாக எனக்குப் பட்டது. நடுநடுவே மெட்டு நின்றுபோய், அடியில் வரும் ஸ்வரங்கள் மட்டும் நடந்துகொண்டிருக்கும். மெஷின் பழுதோ என்று நினைத்தேன். சரி, கான்வென்டில் பியானோ பழகியவள்தானே, அந்த இடங்களில் நானே வாசித்துவிடலாம் என்று சின்னதன் முன்னால் உட்கார்ந்தேன். அப்பாவின் பதிவைக் கேட்டுக்கொண்டே வாசித்து, அதையும் பதிவு செய்தேன். போட்டுப் பார்த்தால் அப்பா இரண்டு பேராக வாசிக்கிறார். ஒருவர் கொஞ்சம் பின்னால் வருகிறார். உயிரோடு இருந்த ஒருவரையே சமாளிப்பது கஷ்டமாக இருந்தது, இரண்டு பேர் வேண்டாம் என்று உட்கார்ந்து யோசித்தேன். தவறு என்னுடையதுதான். கம்ப்யூட்டரிலிருந்து வரும் ஒலியை நான் கேட்பதற்காக மறுபடி மிக்ஸருக்குள்ளேயே செருகியிருந்தேன். அது என் வாசிப்போடு சேர்ந்து இன்னொரு முறை கம்ப்யூட்டருக்கே போயிருக்கிறது. அந்தத் திரும்பும் கேபிளைப் பிடுங்கிவிட்டு, ஹெட்போனை நேராக இன்டர்ஃபேஸ் பெட்டியில் செருகினேன். சரியாகிவிட்டது.

சரியான பிறகுதான் என் வாசிப்பு தனியாகக் காதில் விழுந்தது. ஒரு பிழை கிடையாது. ஆனால் பரீட்சை எழுதுவதுபோல் இருந்தது. அழித்துவிட்டேன்.

பிறகு அப்பாவுடையதை மட்டும் மறுபடி கேட்டேன். மெட்டு நிற்கும் இடங்கள் எனக்குத் தெரிந்த இடங்கள். நீங்கள் இருவரும் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து வாசிக்கும்போது, நீ தோளை உயர்த்திக்கொண்டு மெட்டுக்குள் நுழைவாயே, அந்த இடங்கள்.

நீ வேலைக்காக ஊரை விட்டுக் கிளம்பிய அன்று, "விரலை வித்துட்டுப் போறா" என்று அவர் சொன்னார். நீ வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாய், காதில் விழுந்தது. அதன்பின் நீ அவரோடு பேசவில்லை. அவருடைய இறுதிச் சடங்குக்கும் உன்னால் வந்து சேர முடியவில்லை. குறையாக எழுதவில்லை, நடந்தது அது. ஆனால் உன் அப்பாவோடு நான் குடித்தனம் நடத்தியவள். இடைவெளி கண்டால் விட்டுவைக்கிற மனிதர் இல்லை. நான் மூச்சு வாங்கப் பேச்சை நிறுத்தினால் அதற்குள் புகுந்துவிடுவார். அவர் இத்தனை இடங்களைச் சும்மா விட்டுவிட்டுப் போயிருக்கிறார். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

சின்னது உன்னுடையது. உன் சம்மதம் எழுத்தில் வராமல் அது இந்த வீட்டு வாசலைத் தாண்டாது என்று உன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். "அவ எங்கம்மா வரப்போறா?" என்றான். அதற்குப் பதில் உன்னிடம்தான் இருக்கிறது.

நீல நூல் கட்டிய கேபிள்கள் செருகியபடியே இருக்கின்றன. என் வாசிப்பை அழித்த பிறகு மூன்றாம் சேனலையும் நான்காம் சேனலையும் நான் தொடவில்லை. அப்பாவின் நாற்காலியில் துணிமணி போட யாரையும் விடுவதில்லை. எதிரே உன் நாற்காலியும் அப்படியே.

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் கைவிரல்கள் நன்றாக இருக்க வேண்டும்.

மாதக் கடைசிக்குள் வாசிக்க வருகிறாயா, இல்லையா? வரவில்லையென்றால் அதையும் தயங்காமல் சொல். போனில் வேண்டாம். போனில் நீ "பார்க்கலாம்மா" என்பாய், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? உன் கையால் பதில் எழுது.

இப்படிக்கு,
அம்மா