வாசல் கதவுக்கு ஒரு குரல்

மார்ச் 3, திங்கள்

காலையிலிருந்து மழை. கூரையில் ஒழுகும் ஆணித் துளை: நாளைக்குத் தள்ளிவைப்பு.

நேற்று சாந்தா மறுபடியும் வெளியே போய்விட்டாள். நான் பின்பக்கம் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம்கூட இருக்காது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா ரோஸ்தான் பஸ் நிறுத்தத்திலிருந்து கையைப் பிடித்து அழைத்து வந்தார். லோரி போகும் சாலை. "சிகு, உங்க மனைவி மழையில நின்னுக்கிட்டு இருந்தாங்க" என்று மலாயில் சொன்னார். ஓய்வு பெற்று இத்தனை வருடம் ஆகியும் நான் இந்தத் தெருவுக்கு 'சிகு'தான், வாத்தியார்தான்.

மாலை ஷா ஆலமிலிருந்து மகள் மாலதி போன். "அப்பா, இன்னும் ஒரு தடவ அம்மா வெளிய போனாங்கன்னா முதியோர் ஹோம்தான். பேர் கொடுத்துட்டேன். பதினஞ்சாம் தேதி ஒரு இடம் காலியாகுது."

அவள் சொல்வதில் தவறு இல்லை.

பூட்டிவைத்துப் பார்த்தாயிற்று. சாந்தா கதவைத் தட்டித் தட்டி அழுகிறாள். உள்ளங்கை சிவந்துபோகிறது.

ஆகவே அலாரம். முப்பத்து மூன்று வருடம் அறிவியல் சொல்லிக்கொடுத்தவனுக்கு இதுகூட வராதா? வராமலும் போகலாம்.

தேவை: கதவுக்குக் காந்த சுவிட்ச் 1. ஸ்பீக்கர் 1. வைஃபை போர்டு 1 (டிராயரில் இருப்பது புகைந்துவிட்டது, என் தவறு). ஈயக் கம்பி. சைரன் 1.

மார்ச் 4, செவ்வாய்

வெயில். சாந்தாவுக்குத் துணையாக வீட்டில் ரோஸ். கொமுட்டர் ரயிலில் பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். வழக்கமான எலக்ட்ரானிக்ஸ் கடை. கடைக்காரர் சைரனை அழுத்திக் காட்டினார். தெருவே திரும்பிப் பார்த்தது.

"என்ன அங்கிள், வீட்டுல தங்கம் நெறைய இருக்கா?"

"அப்படியெல்லாம் இல்ல."

"பொய் சொல்லாதீங்க லா. சும்மாவா இவ்ளோ பெரிய சைரன்?"

சிரித்துவைத்தேன். பதில் ரயிலில்தான் தோன்றியது. எப்போதும் இப்படித்தான்.

மார்ச் 5, புதன்

சைரன் தோல்வி. கதவு திறந்ததும் அலறியது. சா. மேசைக்கடியில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வெளியே கொண்டுவர நாற்பது நிமிடம். திருடனுக்கான பொருளை அவளுக்கு மாட்டியிருக்கிறேன். கழற்றிப் பெட்டியில் போட்டாயிற்று.

முறை 2: சைரனுக்குப் பதில் என் குரல். கைப்பேசியில் பதிவு. முதல் மூன்றும் பள்ளிக்கூட அறிவிப்பு போல இருந்தன. நடுவில் இருமல். பதினோராவது பரவாயில்லை:

"சாந்தா, வெளிய மழை. உள்ள வந்து உக்காரு. நான் இதோ வந்துடறேன்."

வெயிலடிக்கும்போதும் மழை என்றே சொல்லும். பொய்தான். வேறு வழி தெரியவில்லை.

ஸ்பீக்கர் கதவு நிலைக்கு மேலே, உள்பக்கம். கைப்பேசியிலிருந்தே புதுக் குரல் அனுப்பலாம், உடனே ஒலிக்கும். தேவைப்படாத வசதி. ஆசைக்காகச் செய்துவைத்தேன்.

மார்ச் 7, வெள்ளி

வேலை செய்கிறது. நம்பவில்லை, மூன்று தடவை பார்த்த பிறகுதான் எழுதுகிறேன்.

10.10: திறந்தாள். குரல். நின்றாள். "சரிங்க" என்றாள். உள்ளே வந்து உட்கார்ந்தாள்.
11.40: அதேபோல்.
3.05: அதேபோல். கதவையும் சாத்தினாள்!

கூரை ஆணித் துளையையும் அடைத்தேன். இரவுச் சாப்பாடு: இட்லி, நான் செய்தது, கல்.

மார்ச் 9, ஞாயிறு

மாலதி வந்து சோதித்தாள். அம்மாவைக் கூட்டிப்போய்க் கதவைத் திறக்கவைத்தாள். சா. நின்றாள், "சரிங்க" சொன்னாள், திரும்பினாள். மாலதி கைதட்டினாள். "அப்பா, நீங்க ஜீனியஸ் லா! பதினஞ்சாம் தேதி வேணாம்னு ஹோமுக்குச் சொல்லிடறேன். அம்மா வெளிய போகாத வரைக்கும் எனக்கு ஒண்ணும் இல்ல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்பேனர் தேடுவதுபோல் பின்பக்கம் போனேன்.

மார்ச் 10, திங்கள்

புழுக்கம். சா. இன்று கதவைப் பதினான்கு தடவை திறந்தாள். வெளியே போக அல்ல. குரலைக் கேட்க. நிலைக்கு மேலே பார்த்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறாள். "வர லேட்டாகுமா?"

நான் நாலடி தள்ளி நாற்காலியில், குறிப்பேடும் கையுமாக.

"சாப்பிட்டேன் சாந்தா" என்றேன். திரும்பவில்லை. காது மந்தமாக இருக்கலாம். பரிசோதிக்க வேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

காது மந்தமில்லை.

ஸ்பீக்கரில் கரகரப்பு. பற்றவைத்த ஈயம் விட்டிருக்கும். ஸ்டூல் போட்டு ஏறினேன். சா. ஓடி வந்து என் வேட்டியைப் பிடித்தாள்.

"அண்ணே, அண்ணே! அதக் கழட்டாதீங்க. எங்க வீட்டுக்காரர் அதுலதான் பேசறாரு."

"நான்தான் சாந்தா."

வெளியாளிடம் காட்டும் மரியாதையோடு ஒரு சிரிப்பு. "வெயில்ல வந்திருக்கீங்க. உக்காருங்கண்ணே. அவரு இதோ வந்துடுவாரு."

நாற்பத்திரண்டு வருடம் என்னை 'என்னங்க' என்று மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறாள். கோபத்தில்கூட வேறு சொல் இல்லை.

இறங்கிவிட்டேன். கரகரப்பு அப்படியே.

மார்ச் 12, புதன்

சோதனை. அவள் எதிரில் நின்று அதே வாக்கியம், அதே வேகம், அதே இடைவெளி. மூன்று தடவை. முதலில் புன்னகை. பிறகு பயந்தாள். நிறுத்திவிட்டேன்.

யோசனைகள்:
1. குரலை அழித்துவிடலாம். வெளியே போவாள். பிறகு ஹோம்.
2. அப்படியே விடலாம்.
3. இல்லை.

மார்ச் 13, வியாழன்

மாலை 4 மணி. குப்பை போட வெளியே போனேன். இரண்டு நிமிடம். திரும்பினால் கதவு உள்தாழ்ப்பாள்.

தட்டினேன். ஜன்னல் வழியே பார்த்தாள். "அவரு வீட்டுல இல்லண்ணே. அப்புறமா வாங்க."

"சாந்தா, கதவத் திற."

திரையை இழுத்துவிட்டாள்.

பின்கதவு உள்ளே பூட்டு, என் வேலைதான். ரோஸ் வீட்டில் யாரும் இல்லை. மாலதியைக் கூப்பிடக் கைப்பேசியை எடுத்தேன். கூப்பிட்டால் எல்லாம் சொல்ல வேண்டிவரும். வைத்துவிட்டேன். வெயிலில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் கைப்பேசியில் பதிவு செய்தேன், மாமரத்தடியில் போய், அவளுக்குக் கேட்காதபடி. இந்தத் தடவை ஒரே முயற்சியில் சரியாக வந்தது. அனுப்பினேன்.

உள்ளே என் குரல்: "சாந்தா, வயர்மேன் அண்ணன் வந்திருக்காரு. நல்லவரு. கதவத் திறந்து உள்ள விடு."

"சரிங்க" என்றாள்.

4.20: கதவு திறந்தது. கருவியில் குறை ஏதும் இல்லை.

5.00: மாலதி போன். "அம்மா வெளிய போனாங்களா?" போகவில்லை என்றேன். உண்மைதான்.

சா. பால் விடாத தே ஓ கொண்டுவந்தாள், விருந்தாளிக்கு வைக்கும் பூப்போட்ட கோப்பையில். பக்கத்தில் நின்று கேட்டாள்:

"சீனி எவ்வளவுண்ணே போடுவீங்க?"

அரைக் கரண்டி என்றேன்.