இனிப்பு தெரியாத நாற்பது நாள்

மார்ச் 5, 2025. சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்து, மனைவி தெரசம்மாள் முன்னால் நின்று அறிவித்தேன்: இந்தத் தவக்காலம் முழுக்க இனிப்பைத் தொட மாட்டேன்.

“ஏனுங்க, டாக்டர் நாலு வருஷமாச் சொன்னாரு, காதுல ஏறல. சாம்பல் வெச்சதும் ஏறிடுச்சாக்கும்?” என்றாள்.

காரணம் சாம்பல் இல்லை. மூன்று மாத சராசரி சர்க்கரை 8.9; ஏழுக்குள் இருக்க வேண்டுமாம். ஈஸ்டர் முடிந்ததும் மறுபடி பார்ப்பார்களாம். குறையாவிட்டால் தினமும் இன்சுலின் ஊசி. முப்பத்தொரு வருடம் சேலம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து, எத்தனையோ டிரைவர்களை அதட்டியவன் நான். ஊசி என்றால் மட்டும் எனக்குப் பயம். இது இந்த நோட்டுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

மார்ச் 9

மொட்டைமாடியில் செய்தித்தாள் விரித்து ஏதோ இலை காய்கிறது. மகள் டெபோரா கல்லூரியில் செய்யும் ஆராய்ச்சிக்காம். சிறுகுறிஞ்சான்.

“கணையத்துல இன்சுலின் சுரக்குற செல்லு இருக்குல்லப்பா, பீட்டா செல்லு. அது சாகாம இந்த இலைச்சத்து காப்பாத்துதான்னு எலிங்ககிட்ட பாத்துட்டிருக்கேன்.”

“காப்பாத்துதா?”

“இலை குடுத்த எலிங்களுக்குக் கொஞ்சம் அதிகமா மிஞ்சியிருக்கு. இன்னும் நெறைய பாக்கணும்.”

கடைசி வாக்கியம் என் காதில் சரியாக விழவில்லை. எலிக்கு நடப்பது எனக்கு நடக்காதா? நான் என்ன எலியைவிட மட்டமா?

மார்ச் 10

இரண்டு இலை மென்றேன். கசப்பு. ஆனால் என்ன ஒரு அதிசயம்! அதன்பிறகு தங்கமுத்து பேக்கரியில் ஒரு ஜாங்கிரியை வாயில் போட்டால், நனைந்த அட்டையைக் கடித்த மாதிரி இருக்கிறது. இனிப்பு துளியும் தெரியவில்லை.

யோசித்துப் பார்த்தேன். ஒறுத்தல் என்றால் என்ன? சுகத்தை விடுவது. சுகமே தெரியாமல் ஜாங்கிரி தின்பது ஒறுத்தல்தானே? இலை உள்ளே போய் செல்லையும் காப்பாற்றிவிடும். இனி காலை மாத்திரையும் எதற்கு?

மார்ச் 13

இலை 3.40. இனிப்பு போனது 3.42. ஜாங்கிரி 3.45. இனிப்பு திரும்பியது 4.25.

மார்ச் 21

அவசரத்தில் நாலு இலை மென்றுவிட்டேன். டீ வெறும் வெந்நீர். “சர்க்கரையே போடலையா தங்கமுத்து?”

“என்னங்கண்ணா, மூணு கரண்டி போட்டாச்சுங்க! உங்க நாக்குக்கு என்ன ஆச்சு?”

இன்னொரு கரண்டி போடச் சொன்னேன். தெரியாத இனிப்பில் மூன்றென்ன, நாலென்ன.

மார்ச் 27

டெபோரா இலையை எடை போட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தாள். “குறையுதே. அணில் தின்னுடுச்சாப்பா?”

“அணில்தான் சாமி. நானே பார்த்தேன். நல்ல தாட்டியான அணில்.”

ஏப்ரல் 12

கோயிலில் பாவசங்கீர்த்தனம். பொய், திருட்டு, ஜாங்கிரி எல்லாவற்றையும் கொட்டினேன். திரைக்கு அந்தப் பக்கம் சாமியார் நாற்காலியை நெருக்கி இழுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “அந்த இலை எங்கீங்க கிடைக்கும்?”

ஏப்ரல் 22

10.4.

எப்படி? எப்படிங்கறேன்? தினமும் இலை தின்னேனே, ஒரு நாள் விடலையே! லேப்காரன் மாத்திட்டானோ? — இல்லை. என் பேர்தான் போட்டிருக்கு. சவரிராயன், 61.

டெபோராவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அணில் வரைக்கும். முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“எலிக்கு இலை மட்டுந்தாம்ப்பா குடுத்தேன். கூட ஜாங்கிரி குடுக்கல. அந்த இலை நாக்குக்குத்தான் இனிப்பை மறைக்கும். ரத்தத்துக்குத் தெரியாமப் போயிடுமா?”

மாத்திரையை நிறுத்தியதையும் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

“எத்தனை நாளா?”

“நாற்பது நாளுக்கு மேல.”

அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். “உங்களுக்கு மிச்சம் இருக்கற செல்லையாச்சும் காப்பாத்தணும்னுதானே இந்த சப்ஜெக்ட்டையே எடுத்தேன். எலிக்காகவா படிக்கறேன்னு நெனச்சீங்க?”

எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் நான் கேட்டதில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 23

டாக்டர் ஊசி எழுதிவிட்டார். மாத்திரையும் உண்டு. இலையைப் பற்றி டெபோராவே அவரிடம் சொன்னாள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 24

காலையில் டெபோராதான் ஊசி போட்டாள். கண்ணை இறுக மூடி ஜெபம் சொல்ல ஆரம்பித்தேன்; பாதி ஜெபத்திலேயே முடிந்துவிட்டது. எறும்பு கடித்த அளவுகூட இல்லை.

“வலிக்குதாப்பா?”

“ரொம்ப வலிக்குது சாமி” என்றேன். கல்லூரிக்கு நேரமாகியும் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.