நாக் ஆஃப் என்றால் என்னவென்று கேட்டிருந்தாயே

அன்பு மகள் ராஸ்லினுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் அண்ணன் டாரிலும் நன்றாக இருக்கிறான், தேவைக்கு மேலேயே நன்றாக இருக்கிறான், அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். நீ அங்கே நகோயாவில் குளிருக்கு இதமாகப் போர்த்திக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

நீ ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் இருப்பவர்கள் நாக் ஆஃப் (knock off) என்ற சொல்லுக்கு எத்தனை அர்த்தம் என்று குடைந்தெடுக்கிறார்கள், நம் ஊரில் எப்படியெல்லாம் சொல்வார்கள் என்று எழுது அம்மா என்று கேட்டிருந்தாய். ஏழாம் வகுப்போடு நின்றவளிடம் கேட்கிறாய். ஆனாலும் சொல்கிறேன், எனக்கு ஒவ்வோர் அர்த்தத்துக்கும் ஓர் ஆள் ஞாபகத்தில் இருக்கிறார். திருடுவதற்கு அப்படிச் சொல்வார்கள், பக்கத்துத் தோட்டத்து மெர்வ் டக்வெல் நம் ஏணியைக் கொண்டுபோய்ப் பச்சை வண்ணம் அடித்து வைத்துக்கொண்டானே, அது. கேட்டதற்கு, "உலகத்துல உங்ககிட்ட மட்டும்தான் ஏணி இருக்கா தெல்மா?" என்று என்னையே கேட்டான். சாகும்வரை ஒத்துக்கொள்ளவில்லை, நானும் அவன் அடக்கத்துக்குப் போகவில்லை. ஆளைத் தீர்த்துக்கட்டுவதற்கும் அதே சொல்தான், அதை மட்டும் இந்த ஊரில் எனக்குத் தெரிந்து யாரும் இன்னும் செய்யவில்லை. அடுத்தவர் கைவேலையைப் பார்த்து அப்படியே செய்து தன்னுடையது என்று காட்டுவதற்கும் அதுதான், அதற்கு ஆள் நோரீன் ஹாட்சர். நீ பிறந்த வாரம் ஒத்தாசைக்கு என்று நம் சமையலறைக்குள் வந்தாள். பழக் கேக்குக்கு ஊரெல்லாம் உலர்திராட்சையை இரண்டாக நறுக்கினால் என் அம்மா கத்தரிக்கோலால் மூன்றாக நறுக்குவாள், அதைப் பார்த்துக்கொண்டு போன நோரீன், மறு வருஷம் விவசாயக் கண்காட்சியில் அதே கேக்கை வைத்து என்னைத் தோற்கடித்து முதல் பரிசுக்கான நீல ரிப்பன் வாங்கினாள். தோற்கடிப்பதற்கும் நாக் ஆஃப்தான், எழுதிக்கொள். அன்றிலிருந்து முப்பத்தெட்டு வருஷமாக நான் அவளோடு பேசவில்லை.

வேலை முடிந்து கிளம்புவதற்கும் அதைத்தான் சொல்வோம், உனக்குத் தெரியும். உன் அப்பா சர்க்கரை ஆலையில் வேலை முடிந்த பத்தாவது நிமிஷம் பின்வாசலில் பூட்ஸைக் கழற்றுவார். டாரிலுக்கும் அதே ஆலை, மூன்று மணிக்கு ஷிப்ட் முடிகிறது, ஆனால் இரண்டு மாதமாக ஆறரைக்கு வருகிறான். பார் பக்கம் போயிருந்தால் பீர் வாசனை அடிக்கும். அடிக்கவில்லை, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு நாள் அவன் சட்டையைத் துவைக்க எடுத்தால் ஜாதிக்காய் வாசனை. கரும்பாலையில் ஜாதிக்காய்க்கு என்ன வேலை? அவன் மனைவி சாண்ட்ரா விட்டுவிட்டுப் போன இந்த ஐந்து வருஷமாக அவன் என்னோடுதான் இருக்கிறான். அவனும் கிளம்பிவிட்டால் இந்தக் கரும்புக் காட்டு ரோட்டில் நானும் கோழிகளும்தான் மிச்சம், அதனால் வேவு பார்த்தேன் என்று நீ சிரிக்காதே.

போன சனிக்கிழமை கண்காட்சிக்குப் போனேன். ஆண்கள் செய்த கேக் என்று தனி மேசை போட்டிருந்தார்கள், ரிப்பன் குத்தி முடித்துப் பெயர்ச்சீட்டுகளைப் பெயர் தெரியும்படி திருப்பி வைத்திருந்தார்கள். மூன்றாவது இடத்தில் டாரில் ஓகில்வி! முட்டை வேகவைக்கத் தெரியாதவன். சட்டையில் ஜாதிக்காய் வாசனை எங்கிருந்து வந்தது என்று விளங்கிவிட்டது. நடுவர் கேக்கைப் பாதியாக வெட்டி வைத்திருந்தார், குனிந்து பார்த்தேன், திராட்சை ஒவ்வொன்றும் மூன்றாக நறுக்கியிருந்தது. இந்த ஊரில் அப்படி நறுக்குகிற வீடு இரண்டுதான், ஒன்று என்னுடையது, நான் கற்றுக்கொடுக்கவில்லை. பக்கத்தில் நடுவரின் அட்டையில், அடியில் கம்பித் தடம், அதனால் மதிப்பெண் குறைவு என்று எழுதியிருந்தது. அதைப் படித்ததும் அப்படியே நின்றுவிட்டேன் ராஸ். நோரீன் ஆயிரம் கெட்டவளாக இருக்கட்டும், சூட்டோடு கேக்கை வெறும் கம்பித் தட்டில் வைக்க மாட்டாள், போட்டிக்குப் போகிற கேக்கைத் துணிமேல்தான் ஆறவைக்க வேண்டும் என்று தூக்கத்தில்கூடச் சொல்வாள். அப்படியானால் அடுப்பிலிருந்து இறக்கும்போது அவள் அங்கே இல்லை. இருந்தது வேறொரு பெண். போன வருஷம் அவள் மகள் லியான் பிரிஸ்பேனிலிருந்து திரும்பி வந்து தாயோடு இருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

அங்கேயே டாரிலைப் பிடித்து, இது எத்தனை நாளாக நடக்கிறது, அந்தக் குடும்பத்துக்குள் போக உனக்கு வேறு வீடே கிடைக்கவில்லையா என்று கேட்டேன். "அம்மா, நாக் இட் ஆஃப், ஊரே பாக்குது" என்றான். வாயை மூடு என்பதற்கும் அந்தச் சொல்தான், பெற்றவளிடமே சொன்னான், அதையும் உன் வகுப்பில் சொல்லிக்கொடு. அதற்குள் அந்த லியான் நேராக என்னிடம் வந்து, "மிஸஸ் ஓகில்வி, கம்பிமேல வெச்சது நான்தான். அம்மா வெளிய போயிருந்தாங்க, எனக்குத் தெரியல. அவரத் திட்டாதீங்க, நீல ரிப்பன் என்னாலதான் போச்சு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "திராட்சைய இப்படி நறுக்குறது உங்க அம்மா வழியாமே, எங்க அம்மாவே எங்கிட்ட சொன்னாங்க" என்றாள். முப்பத்தெட்டு வருஷத்தில் ஹாட்சர் வீட்டிலிருந்து ஓர் ஆள் ஒன்றை ஒத்துக்கொண்டது இதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்தேன், இதற்குப் பின்னால் என்ன திட்டம், நோரீன் சொல்லிக்கொடுத்து அனுப்பினாளா என்று. ஒன்றும் பிடிபடவில்லை.

நேற்று டாரில், வருஷக் கடைசியில் அவளும் அவனும் ஆலைக்கு அருகே ஒரு வீட்டில் சேர்ந்து இருக்கப்போவதாகச் சொன்னான். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். நான் சண்டை போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அவளை அழைத்து வா, ஆட்டுக்கறி வறுக்கிறேன், அவளை மட்டும், தாயை அல்ல என்றேன். அவள் எப்படி உட்காருகிறாள், பாத்திரம் கழுவ எழுகிறாளா, என் அலமாரியை நோட்டம் விடுகிறாளா, எல்லாம் பார்க்கத்தான் போகிறேன். கெட்டவளாக இருந்தால் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை, அதற்கு நான் பழகியவள். நல்லவளாக இருந்துவிட்டால் அவனைத் தடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை ராஸ், அதுதான் பயமாக இருக்கிறது.

நீ நூறு வயது நலமாக இருக்க வேண்டும், போகிற இடமெல்லாம் உனக்கு நல்ல மனிதர்களே வாய்க்க வேண்டும். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி தனியாக அனுப்பியிருக்கிறேன், மறக்காமல் போட்டுக்கொள். இதற்குப் பதிலைக் கடிதமாகவே எழுது, தொலைபேசியில் பேசாதே, உன் அண்ணன் பக்கத்தில் நின்று கேட்பான்.

இப்படிக்கு,
உன் அம்மா
தெல்மா ஓகில்வி